அலிபிரியில் தூக்கிய கார்

புத்தூர். 1960 ஜூன், வெள்ளி இரவு.

இரண்டே பேர் உட்காரக்கூடிய என் பழைய பந்தயக் கார் இன்று திருமலைக்குச் சிக்கலில்லாமல் ஏறி இறங்கிவிட்டால், இனி அதை விற்கச் சொல்லமாட்டேன் என்று மாப்பிள்ளை வாக்குக் கொடுத்திருந்தார். மலையடிவாரத்து அலிபிரியில் எல்லா வண்டிக்காரர்களையும்போல நானும் தேங்காய் உடைக்க ஓரங்கட்டினேன். அங்கே குவிந்திருந்த கொட்டாங்குச்சிகளைக் கவனிக்கவில்லை. தாழ்ந்த வயிறு கொண்ட கார் அந்தக் குவியல்மேல் ஏறிச் சிக்கி நின்றுவிட்டது.

"அடிவாரமே தாண்டலயே மாமா. வித்துடுங்க" என்றார் மாப்பிள்ளை.

அங்கே வந்திருந்த எங்கள் ஊர் லாரிக்காரர் முனுசாமி மூன்று பேரைக் கூட்டிவந்து ஒரே மூச்சில் காரைத் தூக்கி நகர்த்தினார். "இத்த இடுப்புல வச்சிக்கினே மலை ஏறலாம் போலக்கீது, வாத்தியாரே!"

"உன் லாரிய அப்படித் தூக்கிப் பாரேன்" என்றேன். கனமில்லாததுதானே இதன் பெருமை! ஓட்டத்தில் முதல் வரும் பையனை, மூட்டை தூக்கவில்லை என்று டிரில் வாத்தியாரான நான் ஒருநாளும் மட்டம் தட்டியதில்லை.

பிறகு மலை ஏறி இறங்கினோம். ஒரு வளைவிலும் கார் திணறவில்லை. ஆனாலும் சிக்கியது சிக்கியதுதான் என்கிறார் மாப்பிள்ளை. காலையில் வாங்க ஆள் கூட்டிவருகிறாராம். வரட்டும், காபி கொடுத்து அனுப்புகிறேன். சாவி என் தலையணைக்கு அடியில் இருக்கிறது.