சின்னவன் கேட்ட வசனம்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். ஆண்டவர் கிருபையால் நாங்கள் மூன்று பேரும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம், சுகம் என்று எழுதக் கை வரவில்லை, அதனால் நடமாடுகிறோம் என்றே எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் அங்கே நல்லபடியாக இருக்க வேண்டும் என்பதுதான் விடிந்ததும் என் முதல் ஜெபம். அப்பா அப்படிப் பேசியதற்குப் பிறகு நீ வீட்டு எண்ணுக்குக் கூப்பிடுவதே இல்லை, என் கைப்பேசிக்குக் கூப்பிடும்போதும் உன் குரலைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிடுகிறது, நீயும் அழுகிறாய், இரண்டு பேரும் அழுதுவிட்டு வைத்துவிடுகிறோம், சொல்ல வேண்டியது சொல்லாமலே போகிறது. எழுத்தில் அழுதால் யாருக்கும் கேட்காது பார், அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

தம்பியை அடக்கம் செய்த பிறகு நான் திரும்பவும் வேலைக்குப் போகத் தொடங்கிவிட்டேன். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் மேற்பார்வை செய்கிற அம்மா இன்னும் கொஞ்ச நாள் வீட்டில் இருங்கள் என்றுதான் சொன்னார், வீட்டில் இருந்து நான் என்ன செய்ய, அவன் கட்டிலைப் பார்த்துக்கொண்டா இருக்க முடியும். போன முதல் நாளே அவன் படுத்திருந்த வார்டின் அடையாள நூல் தைத்த விரிப்புகள் வண்டி நிறைய வந்தன, சூட்டோடு சூடாக மேசையில் கொட்டினார்கள், என் கை மேலே போகவில்லை. பக்கத்தில் நின்று மடிக்கிறவள் அந்தக் குவியலை மட்டும் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள், இன்றுவரை அந்த வார்டுத் துணி என் பக்கம் வருவதில்லை. மருமகளும் மூக்குக்கண்ணாடிக் கடை வேலைக்குப் போய் வருகிறாள். அவளுடைய பெற்றோர் கூட்டிக்கொண்டு போகிறோம் என்கிறார்கள், இன்னும் கொஞ்சம் போகட்டும் என்று அவள்தான் தள்ளிப்போடுகிறாள். போக வேண்டியவள்தான், சின்ன வயது, நான் குறுக்கே நிற்க மாட்டேன், ஆனாலும் சாயங்காலம் வாசலில் அவள் செருப்பைப் பார்த்தால் வீட்டில் பிள்ளை இருக்கிற மாதிரி இருக்கிறது. அவன் இருந்தபோது இரண்டு பேரும் போட்ட சண்டையெல்லாம் அவளுக்கு இப்போது பெரிய சொத்தாகிவிட்டது, தலைவலி என்று ஒருநாள் கண்ணாடி மாட்டிப் பார்க்கப் போனவன் உன்னைத் தவிர எல்லாம் தெளிவாத் தெரியுது என்றானாம், அதைச் சொல்லிச் சிரித்துவிட்டு உடனே எழுந்து உள்ளே போய்விட்டாள்.

நான் சொல்ல வந்தது வேறு. அப்பா உன்னிடம் போனில் என்ன சொன்னார் என்பது எனக்குத் தெரியும், நானும் அந்த அறையில்தான் நின்றேன். சாகக் கிடந்த பிள்ளையோட நம்பிக்கையைப் பிடுங்கிட்டியே, நீயெல்லாம் வேதத்தை மொழிபெயர்க்கிறியா, இனிமே இந்த வீட்டுக்குப் போன் பண்ணாதே என்றார். ஆனால் போனை வைத்த பிறகு இங்கே நடந்தது உனக்குத் தெரியாது, அது தெரியாமலே நீ அங்கே உட்கார்ந்து, நாம்தான் தம்பியின் நம்பிக்கையைக் கொன்றுவிட்டோம் என்று நினைத்து நினைத்து உருகுகிறாய். மாப்பிள்ளை சொன்னார், நீ சரியாகத் தூங்குவதில்லை என்று. ஆகவே முதலிலிருந்து சொல்கிறேன், பொறுமையாகப் படி.

கல்லறைக்குக் கல் வைக்க வேண்டும் என்று அப்பா ஒரு கல் வெட்டுகிறவரிடம் பேசியிருந்தார். அதில் எந்த வசனம் என்று யாரையும் கேட்கவில்லை, கேட்கவும் வேண்டியதில்லை, அவன் கட்டிலின் கால்மாட்டுச் சுவரில் அவரே பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியிருந்த பிள்ளைகளையும் உடல் சுகத்தையும் பறிகொடுத்த அந்த யோபுவின் வசனம்தான், அவர் என்னைக் கொன்றாலும் நான் அவரைத்தான் நம்புவேன் என்கிற அது. நோய் இரத்தத்தில் என்று டாக்டர் சொன்ன அன்றே ஒட்டியது. காலையில் ஒரு தடவை மாலையில் ஒரு தடவை அப்பா அதைச் சத்தமாகப் படிப்பார், சின்னவன் ஆமென் சொல்லுவான். சபையார் பார்க்க வந்தால் இவன் தைரியத்தைப் பாருங்க, யோபு தோத்தான் என்று பெருமையாகச் சொல்லுவார். அன்று கல்லுக்கு அந்த வசனத்தை ஒரு தாளில் எழுதிக்கொண்டிருந்தபோது மருமகள் வெள்ளை மனசோடு, அக்காகிட்ட போன்ல இந்த வசனத்தைத்தான் அவரு கேட்டாரு, அதுல ரெண்டு விதமா வாசிக்கலாம்னு அக்கா சொன்னாங்களாம், என்கிட்ட சொன்னாரு என்றாள். ரெண்டு விதம்னா என்ன என்று அப்பா கேட்டார். நம்பிக்கை இல்லைன்னும் வாசிக்கலாமாம் என்று சொல்லிவிட்டாள் பாவம், அவருடைய முகத்தைப் பார்த்த பிறகுதான் சொல்லியிருக்கக் கூடாதோ என்று பயந்தாள்.

உன் அப்பாவைப் பற்றி உனக்குத் தெரியாததா. பணிமனையில் ஆயுசு முழுவதும் பஸ் பிரேக் பார்த்தவர், பிரேக் பிடிக்கும் இல்லையென்றால் பிடிக்காது, பிடித்தாலும் பிடிக்கும் என்று வண்டியை வெளியே அனுப்ப முடியாது. வேதமும் அவருக்கு அப்படித்தான். அதனால்தான் உடனே உனக்குப் போன் போட்டு அத்தனையும் பேசினார். அவர் போனை வைத்ததும் நான் அடுப்பை அணைத்துவிட்டு வந்து அவர் எதிரில் உட்கார்ந்தேன். சின்னவன் அப்பாகிட்ட சொல்லாதீங்க என்று என்னிடம் வாக்கு வாங்கியிருந்தான், அவனுக்குக் கொடுத்த வாக்கை மீறித்தான் சொன்னேன், உன்மேல் பழி விழுவதைப் பார்த்துக்கொண்டு அந்த வாக்கைக் காப்பாற்ற என்னால் முடியவில்லை.

சின்னவன் உன்னோடு போனில் பேசிய அன்று மத்தியானம் அப்பா மருந்து வாங்கப் போயிருந்தார், மருமகள் கடையில். அவனுக்குக் கை வலித்தது என்று நான்தான் போனை அவன் காதில் பிடித்துக்கொண்டிருந்தேன், அவன் பேசியது முழுவதும் கேட்டேன், நீ பேசியது கொசு பறக்கிற மாதிரிதான் கேட்டது. அக்கா, உனக்கு இதுதானே வேலை, அந்த வசனத்துல நிஜமா என்னதான் எழுதியிருக்கு, அப்பாவுக்காக ஒண்ணு சொல்லாத, என்னைத் தேத்தறதுக்கும் சொல்லாத, அங்க என்ன இருக்கோ அதைச் சொல்லு என்றான். பிறகு நீ சொல்லச் சொல்ல அவன் திருப்பிக் கேட்டுக்கொண்டே வந்தான், அதில் எனக்கும் கொஞ்சம் புரிந்தது. முதலில் எழுதிய எபிரெய பாஷையில் ஒரே மாதிரி ஒலிக்கிற இரண்டு சொல்லாம், நம் பாஷையில் கரையும் கறையும் மாதிரி, ஓர் எழுத்து இப்படி இருந்தால் அவரை நம்பிக் காத்திருப்பேன் என்றாகும், அப்படி இருந்தால் நம்பிக்கை இல்லை என்றாகும். அப்போ உள்ளே எழுதினது இல்லைங்கறது, ஓரத்துல குறிச்சு வெச்சது மத்தது, அப்படியா அக்கா என்று கேட்டான். நம்ம புத்தகம் பொய்யா என்றும் கேட்டான், நீ ஏதோ அவசரமாகச் சொன்னாய், பொய்யில்ல, சரி, ரெண்டுல ஒண்ணை எடுத்திருக்காங்க, சரி சரி என்றான். எதுவானாலும் யோபு எழுந்திரிச்சுப் போயிடல, அடுத்த வரியிலயும் அவர்கிட்டயே பேசிட்டுத்தான் இருக்கான், அதானே என்றான். பிறகு உனக்கு முத்தம் கொடுத்துவிட்டு வைக்கச் சொன்னான்.

வைத்ததும் அழுதான். நான் பயந்துபோனேன். அவன் என் கையைப் பிடித்துக்கொண்டு, அம்மா, யோபுவுக்கும் முடியலன்னு சொல்லியிருக்கான்மா, எனக்கு மட்டும்தான் இப்படின்னு நெனச்சு நெனச்சு வெக்கப்பட்டுக்கிட்டிருந்தேன் என்றான். அதன் பிறகு அவன் ஆண்டவரோடு பேசினான் பார், அதை ஜெபம் என்பதா சண்டை என்பதா எனக்குத் தெரியாது. நான் உமக்கு என்ன செஞ்சேன், என் பொண்டாட்டிக்கு என்ன பதில் சொல்லப்போறீரு, வாயைத் திறந்து சொல்லும் என்று கேட்டான். பக்கத்து வீட்டுக்குக் கேட்குமே என்று நான் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினேன். நோய் வந்த நாளிலிருந்து அவன் உண்மையாக ஜெபம் செய்தது அன்றைக்குத்தான் என்று எனக்குத் தோன்றியது. ஓய்ந்த பிறகு பால் கேட்டான், ஒரு டம்ளர் முழுவதும் குடித்தான், முகம் தெளிந்து தூங்கினான். தூங்குவதற்கு முன்பு, அப்பாகிட்ட சொல்லாதீங்கம்மா, அவரு என் தைரியத்தைப் பிடிச்சுக்கிட்டுத்தான் நிக்கிறாரு, அதையும் எடுத்துட்டா விழுந்துடுவாரு என்றான். மகளே, நீ அவனிடமிருந்து ஒன்றையும் பிடுங்கவில்லை. வீட்டில் அவ்வளவு பேர் சுற்றி நின்றும் அவனோடு அந்த இடத்தில் போய் நின்றவள் நீ ஒருத்திதான்.

இதைச் சொல்லி முடித்ததும் அப்பா கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. ஆமென் சொன்னானே என்றார். ஒவ்வொரு தடவையும் ஆமென் சொன்னானே என்று மறுபடியும் சொன்னார். உங்களுக்காகச் சொன்னான் என்றேன். அந்த வார்த்தையை நான் கொஞ்சம் மெதுவாகச் சொல்லியிருக்கலாம், ஆனால் வேறு எப்படிச் சொன்னாலும் அது அதுதான். கையில் இருந்த தாளை மேசையில் வைத்துவிட்டு அவன் கட்டிலில் போய் உட்கார்ந்தார், சாப்பிடக் கூப்பிட்டும் வரவில்லை. என் பிள்ளைக்குப் பயமா இருந்திருக்கு, என்கிட்ட சொல்லலையே, சொன்னா நான் வசனம் சொல்லி வாயை அடைச்சிடுவேன்னு நெனச்சிருக்கான் என்று சுவரைப் பார்த்துப் பேசினார். அப்படியில்லைங்க என்று சொல்ல வாய் வரை வந்தது, பொய் என்பதால் சொல்லவில்லை.

இரண்டொரு நாளில் போதகர் வீட்டுக்குப் போனார், என்னையும் வரச் சொன்னார். என் மகள் சொல்றது நிஜமா என்று நின்றுகொண்டே கேட்டார். போதகர் சுற்றி வளைக்கவில்லை, நிஜம்தாண்ணே, படிக்கும்போதே எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தாங்க, ஏட்டைப் பார்த்து எழுதினவங்களே ஒண்ணை அழிச்சு ஒண்ணை வைக்காம ரெண்டையும் காப்பாத்தியிருக்காங்க, சபையில சொன்னா ஜனங்க கலங்குவாங்கன்னு சொன்னதில்ல என்றார். நீங்க சொல்லியிருந்தா என் பிள்ளை என்கிட்ட பேசியிருப்பானே என்றார் அப்பா. போதகர் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு அவரும் அழுதார். நல்ல மனுஷர், அவர்மேல் எனக்குக் கோபமில்லை. வருகிற வழியிலேயே கல் வெட்டுகிறவரிடம் போய், வசனம் வேண்டாம், பேரும் தேதியும் போதும் என்று அப்பா சொல்லிவிட்டார், கல்லும் வைத்தாகிவிட்டது.

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் வேதம் வாசிக்கிற முறை அப்பாவுடையது. போதகர் கேட்டதற்கு அப்பாவே அந்த அதிகாரத்தை வாசிக்கிறேன் என்றிருக்கிறார், எனக்குத் தெரியாது. அந்த வசனம் வந்ததும் அச்சில் இருக்கிற மாதிரியே வாசித்தார், பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு, நம்ம கையில இப்படி இருக்கு, எனக்கு நம்பிக்கை இல்லைன்னும் இதை வாசிக்கலாமாம், என் பிள்ளை அப்படித்தான் வாசிச்சிருக்கான், எனக்குத் தெரியாமப் போச்சு என்றார். மேலே வாசிக்க முடியாமல் இறங்கி வந்துவிட்டார், மீதியைப் போதகர் வாசித்தார். வெளியே வந்ததும் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் அப்பாவை நிறுத்தி, மொழிபெயர்ப்புல ஒரு சொல்லுல கை வைக்க விட்டா எல்லாத்துலயும் கை வைப்பாங்க, அப்புறம் நாம எதைத்தான் நம்புறது என்றார், அவர் குரலிலும் கோபத்தைவிடப் பயம்தான் இருந்தது. கொஞ்ச நாளைக்கு முன்பு அப்பாவே அப்படிப் பேசியிருப்பார். அன்றைக்கு, எனக்குத் தெரியல சார், உங்களுக்குத் தெரிஞ்சா நீங்க சொல்லுங்க என்றார். இப்போது வேதம் வாசிக்கிறவர்கள் பட்டியலில் அப்பாவின் பேர் இல்லை. ஒன்றிரண்டு பேர் வீட்டுக்கு வருவதை நிறுத்திவிட்டார்கள், அதிகம் பழக்கமில்லாத ஒரு குடும்பம், பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள், புதிதாக வருகிறார்கள், வந்து பேசாமல் உட்கார்ந்துவிட்டுப் போகிறார்கள்.

என்னைக் கேட்டால், நான் இன்றைக்கும் பழையபடிதான் சொல்லிக்கொள்கிறேன், அவரைத்தான் நம்புவேன் என்று. என் அம்மா சொல்லிக்கொடுத்தது, என் வாய்க்கு அதுதான் பழக்கம். ஆனால் சில நாள் துணி மடித்துக்கொண்டிருக்கும்போது மற்றது வந்துவிடுகிறது, வந்தால் தடுப்பதில்லை, சொல்லிவிட்டு அடுத்த விரிப்பை எடுக்கிறேன். இந்தப் புத்தகத்தை நம்பலாமா கூடாதா என்று நீ என்னைக் கேட்காதே, அதற்கெல்லாம் என்னிடம் படிப்பு இல்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன், நீ வேலையை விட்டுவிடுகிறேன் என்று மாப்பிள்ளையிடம் சொன்னாயாமே, விடாதே. எழுதியிருப்பது என்ன என்று கேட்டுக் கட்டிலில் கிடக்கிற யாராவது நீ இருக்கிற அந்த ஊரிலும் இருப்பார்கள். நேரத்துக்குச் சாப்பிடு, தூக்கம் வராவிட்டால் எழுந்து உட்காராதே, கண்ணை மூடிப் படுத்திரு.

நேற்று அப்பா என்னிடம் வந்து, அவளைக் கூப்பிடச் சொல்றியா என்றார். நீங்களே கூப்பிடுங்களேன் என்றேன், எந்த முகத்தை வெச்சிக்கிட்டு என்றார். உன்னிடம் மன்னிப்புக் கேட்க அவருக்குத் தெரியாது, அதை எதிர்பார்த்து நிற்காதே. அவர் கேட்கப்போவது வேறு, அன்னைக்கு அவன் என்ன கேட்டான், எப்படிக் கேட்டான், என் பேரைச் சொன்னானா, எல்லாம் எனக்கு வேணும் என்றார். நான் கேட்டது ஒரு பக்கம்தான், மறுபக்கம் உன்னிடம்தான் இருக்கிறது. சனிக்கிழமை மத்தியானம் மருமகள் கடைக்குப் போனதும் வீட்டு எண்ணுக்குக் கூப்பிடு, அவர்தான் எடுப்பார். அவன் சொன்னதை அவன் சொன்ன மாதிரியே சொல்லு. அப்பா தாங்க மாட்டார் என்று நீயாக ஒரு சொல்லைக் குறைக்காதே, ஆறுதலுக்கென்று ஒரு சொல்லைக் கூட்டாதே. அப்பாவைப் பற்றிக் கசப்பாக ஏதாவது சொல்லியிருந்தால் அதையும் சொல்லிவிடு, நான் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பேன்.

ஆண்டவர் உன்னையும் மாப்பிள்ளையையும் தம் கைக்குள் வைத்திருப்பாராக. சனிக்கிழமையை மறந்துவிடாதே.

உன்னைப் பெற்றவள்,
அம்மா