கையில் வாங்கிய செருப்பு

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசைப் பற்றி மட்டும் கேட்காதே. நீயும் மருமகளும் குழந்தையும் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும். உன் தங்கைக்குக் கால் வீக்கம் வடிந்துவிட்டது. சமையலறைக் குழாய் மறுபடி ஒழுகுகிறது, அப்பா இருந்தால் இந்நேரம் வாஷர் மாற்றியிருப்பார்.

அப்பா சாமான்களைக் கம்பெனியில் எப்படிக் கொடுத்தார்கள் என்று நான் போனில் சொன்னபோது, விடும்மா, அந்த மேனேஜருக்கு ஆயிரம் வேலை இருக்கும் என்றாயே, அன்றிலிருந்து எனக்கு வயிறு எரிகிறது. வாயால் சொன்னால் அழுதுவிடுவேன் என்றுதான் எழுதுகிறேன். கம்பெனி வாசலில் அறைச்சாவி கொடுக்கும் வேலையில் அப்பா எப்படி இருந்தார் என்று உனக்குத் தெரியாதா? யார் வந்தாலும் சாவியை மேஜையில் போடமாட்டார், எழுந்து நின்று உள்ளங்கையில் வைப்பார். அந்த மேனேஜர் கையிலும் தினம் காலையில் அப்படித்தான் வைத்தார். அந்த ஆள், அப்பாவின் டிபன் டப்பா, மூக்குக்கண்ணாடி, செருப்பு எல்லாவற்றையும் கறுப்புக் குப்பைப் பையில் திணித்து, நாற்காலியை விட்டு எழாமல், போனில் சிரித்துப் பேசிக்கொண்டே காலால் என் பக்கம் தள்ளினார். பக்கத்து மேஜைப் பெண்ணுக்கு முகம் சிவந்துவிட்டது. இது கன்டெம்ப்ட் சார் என்றாள். அவர் காதிலேயே வாங்கவில்லை.

அப்படியென்றால் என்னம்மா என்று அவளைக் கேட்டேன், வெறுப்பு மாதிரிம்மா என்றாள். எனக்கு ஒட்டவில்லை. அப்பாவை வெறுக்க அவருக்கு என்ன இருக்கிறது? மாடிவீட்டில் உருது பேசும் தையல்காரி இருக்கிறாளே, அவளிடம் கேட்டேன். வெறுப்புக்கு எங்க பேச்சுல நஃப்ரத்க்கா, வெறுக்குறதுக்குக்கூட எதிர்ல ஒரு ஆளு இருக்கான்னு நெனைக்கணும்ல, இது ஹிகாரத், நீயெல்லாம் ஒரு ஆளான்னு பாக்குறது, அதையே நாலு பேர் முன்னாடி செஞ்சு காட்டினா தௌஹீன் என்றாள். நாம் இளக்காரம், அவமானம் என்போமே, அதுதான். அந்த ஆள் கண்ணில் இருந்தது ஹிகாரத், காலில் இருந்தது தௌஹீன். புரிந்த பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாளே பையைத் தூக்கிக்கொண்டு போனேன். நானும் வர்றேன்க்கா, அந்த மேனேஜருக்குக் காலுதான் ரொம்ப நீளம்போல, பேன்ட்டுக்கு அளவெடுத்துட்டு வரலாம் என்று அவளும் கிளம்பிவிட்டாள். பையை அவர் மேஜைமேல் வைத்தேன். சார், நான் குப்பை அள்ள வரல, என் வீட்டுக்காரர் சாமானை ஒவ்வொண்ணா எடுத்து என் கையில குடுங்க என்றேன். வேலையைக் கெடுக்காதீங்கம்மா என்றார். எனக்கு வேற வேலையில்ல சார், நிக்கிறேன் என்றேன். பக்கத்து மேஜைப் பெண்ணும் எழுந்து நின்றாள். டப்பாவை எடுத்துக் கொடுத்தார், கண்ணாடியைக் கொடுத்தார். செருப்புக்கு வந்ததும் கை நின்றுவிட்டது, யாரையாவது கூப்பிடலாமா என்று சுற்றிப் பார்த்தார். நான் நீட்டிய கையை மடக்கவில்லை. கடைசியில் எடுத்தார். கொடுக்கும்போது எழுந்து நின்றிருந்தார், அவருக்கே தெரியாமல். நான் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.

உன் கைக்குக் கீழும் நாலு பேர் வேலை பார்க்கிறார்கள், தம்பி. எதைக் கொடுத்தாலும் கையில் கொடு. என்னிடம் இனி விடும்மா என்று சொல்லாதே. பேரப்பிள்ளைக்கு என் முத்தம், நீங்கள் எல்லோரும் தீர்க்காயுசாக இருங்கள். வேளைக்குச் சாப்பிடு. செருப்பைத் துடைத்து வாசலில் வைத்திருக்கிறேன். வரும்போது போட்டுப் பார், உனக்கும் அதே அளவுதான்.

இப்படிக்கு,
உன் அம்மா