மூளிக் காதோடு வளரட்டும் உன் மருமகன்

என் அருமை மாதண்ணா,

ஒன்பது வயதில் போய்விட்டாய். எனக்கு இப்போது இருபத்திரண்டு. வயதைப் பார்த்தால் நான்தான் மூத்தவள். ஆனாலும் அண்ணன் அண்ணன்தானே! வேறு யாரிடமும் காட்ட முடியாத ஆத்திரத்தை உன்னிடம் கொட்டப்போகிறேன், பொறுத்துக்கொள்.

உன் மருமகன் சென்றாயனுக்கு நான்கு வயது. உன்னை மாதிரியே லேசாக இடித்தாலும் அந்த இடம் நீலம் பாய்ந்துவிடும். போன மாதம் களத்தில் விழுந்து நாக்கைக் கடித்துக்கொண்டான். மூன்று நாள் ரத்தம் நிற்கவில்லை, அண்ணா. உன் முகம் என் கண்முன் வந்துவிட்டது. கடத்தூரில் பெட்ரோல் இல்லாமல் கரிப்புகையில் ஓடுகிற பஸ் ஏறி, பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு சேலத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

அங்கே இருந்த டாக்டரம்மா, "உங்க கூடப் பொறந்த ஆம்பளப் புள்ளைங்க யாராச்சும் ரத்தம் நிக்காம செத்தாங்களா?" என்று கேட்டார். இத்தனை வருஷத்தில் ஒருத்தராவது அதைக் கேட்டார்களா? உன் கதையைச் சொன்னேன்.

சில பிள்ளைகளின் ரத்தத்துக்கு உறைகிற குணம் பிறவியிலேயே இல்லையாம். தாய்வழியாக வருமாம். தாய் உடம்பில் ஒன்றும் தெரியாது, அவள் பெறும் ஆண்பிள்ளைதான் அவதிப்படுவான். தீர்க்கிற மருந்து இன்னும் இல்லையாம். "ஊசி, கத்தி, சூடு எதுவும் கிட்டப் போகக் கூடாதும்மா. காயம்பட்டா ஈரத்துணி வச்சு அழுத்திப் புடிச்சுக்கிட்டு நேரா இங்க வாங்க" என்றார். இவ்வளவுதான் விஷயம். இது தெரியாமலா உன்னைக் கொன்றார்கள்?

சாமி உத்தரவு கிடைக்கவில்லை என்று தள்ளித் தள்ளி, ஒன்பது வயதில் உனக்குக் காது குத்தினார்களே, அந்த நாள் எனக்கு மறக்கவே இல்லை. தாய்மாமன் மடியில் நீ. தட்டார் வலது காதைக் குத்தியதும் மாமன் வேட்டியெல்லாம் ரத்தம். "புள்ளைக்கு நிக்கலீங்க, இன்னொன்ன அப்பறம் பாத்துக்கலாமுங்க" என்று அவர் ஊசியைக் கீழே வைத்துவிட்டார். பூசாரி விட்டாரா? "ஒத்தக் காதோட எந்திரிச்சா சாமி ஏத்துக்காது. அதான் ரத்தம் நிக்கல. குத்துப்பா!" என்றார். அப்பா உன் தலையை இறுக்கிப் பிடித்தார். இடது காதையும் குத்தினார்கள்.

ஐந்தாம் நாள் நீ இல்லை. அம்மா வேண்டுதலில் குறை வைத்துவிட்டாள் என்று ஊரே பழி போட்டது. அவளும் அதை நம்பிக்கொண்டே செத்தாள், பாவி.

நேற்று அப்பா என் வீட்டுக்கு வந்தார். துண்டில் முடிந்து எதைக் கொண்டுவந்தார் தெரியுமா? உன் காதிலிருந்து கழற்றிய அதே கடுக்கன்!

"பங்குனியில பேரனுக்குக் காது குத்திரலாம் புள்ளெ. மாமன் இல்லாட்டி என்ன, சித்தப்பன் மவன் மடி இருக்குது."

எனக்கு வந்ததே கோபம்! "மாமன் ஏன் இல்லீங்கப்பா? அதச் சொல்லுங்க மொதல்ல!"

"மூளிக்காதன்னு ஊரு சிரிக்குமே ஆத்தா."

"சிரிக்கட்டுமுங்க. அண்ணன் செத்தப்ப இதே ஊருதான அழுதுச்சு? அழுது அவன் திரும்பி வந்துட்டானா?"

டாக்டரம்மா சொன்னது அத்தனையும் சொன்னேன். "அப்ப... நாந்தான தலையப் புடிச்சேன்?" என்று கேட்டுவிட்டு அப்பா அழுதார். இரக்கம் வந்தது, மன்னிக்கத்தான் மனசு வரவில்லை. நீயாக இருந்தால் மன்னித்திருப்பாயா?

கடுக்கனை நான் வாங்கி வைத்துக்கொண்டேன். எனக்கு இப்போது ஐந்தாம் மாதம், அண்ணா. பெண் பிறந்தால், நீ எப்படிச் செத்தாய் என்பதை அவளுக்கு விவரம் தெரிந்த அன்றே சொல்லிவைப்பேன். அவள் பெறும் பிள்ளையிடமும் எவனும் ஊசியோடு வரக்கூடாது.

சென்றாயன் உட்கார வேண்டியது உன் மடி. அந்த மடியை இவர்களே பறித்துவிட்டு, இப்போது இன்னொருத்தன் மடியைக் காட்டுகிறார்கள். நான் உயிரோடு இருக்கும்வரை அவன் அதில் உட்கார மாட்டான். இது உன்மேல் சத்தியம்.

உன் மருமகனைப் பெற்றவள்,
உன் தங்கச்சி பாஞ்சாலி