முதல் சர்வீஸில் சொன்ன பொய்

சனிக்கிழமை. ஆடிக் காற்று இன்னும் அடங்கவில்லை.

புது பைக்கை முதல் சர்வீஸுக்கு விட்டேன். மெக்கானிக் சக்கரத்தைத் தொட்டு விரலை முகர்ந்தார்.

"அண்ணாச்சி, டீசல் தடவுனது யாரு? புழுதி பூராம் அப்பிக் கெடக்கு."

நான்தான். உப்புக் காற்றில் துருப்பிடிக்கக் கூடாதென்று அப்பா என் சைக்கிளுக்கு அப்படித்தான் தடவுவார். படகு டீசலில் நனைத்த பழைய பனியன். பள்ளிக்கூடக் கால்சட்டை கறையாகிறதென்று எத்தனை சண்டை போட்டிருக்கிறேன்!

வெட்கமாகிவிட்டது. "எங்கப்பா. சொன்னா கேக்க மாட்டாரு" என்றேன்.

"இனி தடவ வேண்டாம்னு அவர்ட்ட சொல்லிருங்க."

"சொல்லுதேன்."

வண்டி குளித்து மின்னுகிறது. அப்பா போய் ஒன்பது வருடமாகிறது. உயிரோடு இருக்கிறவரைச் சொல்வதுபோல இன்று ஒருவர் அவரைக் குறை சொன்னார். கேட்க நன்றாக இருந்தது.