இரண்டு விநாடி

சிங்கப்பூர்
3.2.1985

அன்புத் தங்கை எல்ஸிக்கு,

அண்ணன் சூசைநாதன் எழுதுவது. இங்கே நான் நலம். அம்மாவும் நீயும் நலமாயிருக்க மாதாவை வேண்டுகிறேன்.

எங்கள் கம்பெனி கம்ப்யூட்டர், ரப்பர் தோட்டங்களின் கணக்குப் பார்க்கும் உன் ஆபீசுக்கு வந்துவிட்டதாக எழுதியிருந்தாய். படித்ததிலிருந்து கால் தரையில் நிற்கவில்லை. அதில் டிஸ்க்கை ஓட்டும் புரோகிராம் உன் அண்ணன் எழுதியது. வெளியே பீற்றிக்கொள்ளாதே, அம்மாவிடம் மட்டும் சொல்.

ஒரு தோட்டத்து டிஸ்க்கை எடுத்து இன்னொன்றைப் போடும்போதெல்லாம் மெஷினை அணைக்கிறாயாமே, வீண் வேலை. வழிகாட்டிப் புத்தகத்தில் அப்படித்தான் இருக்கும். அது பயந்தாங்கொள்ளிகளுக்கு எழுதியது. சிவப்பு விளக்கு அணைந்ததும் டிஸ்க் கதவைத் திற, உருவு, அடுத்ததைச் செருகு. மாறியதை என் புரோகிராம் தானே தெரிந்துகொள்ளும். யாராவது கேட்டால், அண்ணன் சொன்னார் என்று சொல்.

பாசமுள்ள அண்ணன்,
சூசைநாதன்


சேசு மரி சூசை

புந்தோங், ஈப்போ
20.4.1985

பாசமுள்ள அண்ணனுக்கு,

தங்கை எல்ஸி எழுதிக்கொண்டது. அம்மாவுக்குக் கால் வீக்கம் குறைந்திருக்கிறது. பாஸ்காத் திருநாளுக்கு நீங்கள் வருவீர்கள் என்று அதிரசம் சுட்டு வைத்திருந்தார். கடைசியில் பக்கத்து வீட்டு அகதா அக்காவின் பிள்ளைகள்தான் தின்றார்கள்.

அண்ணே, ஆபீசில் பெரிய தொல்லையாகிவிட்டது. பீடோர் தோட்டத்து டிஸ்க்கில் இப்போது கோலா கங்சார் தோட்டத்துப் பட்டியல் ஏறி உட்கார்ந்திருக்கிறது. பீடோர் ஆட்கள் முன்னூற்றுப் பன்னிரண்டு பேர் எத்தனை வருஷம் வேலை செய்தார்கள் என்ற சர்வீஸ் விவரம் காணவில்லை. இரண்டு மாதம் இடுப்பொடிய நான் தட்டியது. பழைய பேரேடுகளைப் போன மாதமே எரித்துவிட்டார்கள். நீங்கள் சொன்னபடிதான் மாற்றினேன். விளக்கு அணைந்த பிறகுதான் கதவைத் திறந்தேன்.

மானேஜர் ஜெயபாலன் வழிகாட்டிப் புத்தகத்தை என் முன் விரித்து வைத்து உரக்கப் படிக்கச் சொன்னார். எல்லோர் முன்னாலும் படித்தேன். அடுத்த மாதக் கடைசியில் விசாரணை.

உங்கள் கடிதம் என் பைபிளுக்குள் இருக்கிறது. அதைக் காட்டினால் வேலை பிழைக்கும். உங்களைக் கேட்காமல் காட்ட மனம் வரவில்லை. தவறு புரோகிராமில்தான் என்று நீங்களே மானேஜருக்கு இரண்டு வரி எழுதுங்கள். அது போதும்.

உங்கள் பாசமுள்ள தங்கை,
எல்ஸி


சிங்கப்பூர்
12.5.1985

அன்பு எல்ஸி,

பிழையைப் பிடித்துவிட்டேன். டிஸ்க்கில் எது எங்கே இருக்கிறது என்ற பட்டியலை மெஷின் நினைவில் வைத்துக்கொள்ளும். டிஸ்க் மாறினால் அதை மறந்துவிட்டுப் புதிதாகப் படிக்க வேண்டும். வேகத்துக்காக நான் ஒரு குறுக்குவழி வைத்திருந்தேன். கடைசியாகத் தொட்டு இரண்டு விநாடி ஆகவில்லை என்றால் டிஸ்க் மாறியிருக்காது என்று வைத்து, முந்தைய டிஸ்க்கின் பட்டியலையே புதியதில் எழுதிவிடும். இரண்டு விநாடிக்குள் மனிதரால் மாற்ற முடியாது என்பது எங்கள் கணிப்பு. இங்கே பத்துப் பேரை வைத்துப் பார்த்தோம், ஒருவராலும் முடியவில்லை. நீ எப்படித்தான் மாற்றினாயோ தெரியவில்லை.

இப்போது கதவு திறந்தாலே புதிதாகப் படிக்கும்படி திருத்திவிட்டேன். மேலிடத்தில் நல்ல பெயர். செப்டம்பரில் என்னை லண்டனுக்கு அனுப்பப் பேச்சு நடக்கிறது.

அதனால்தான் சொல்கிறேன், மானேஜருக்கு எழுத இது நேரமில்லை. புத்தகத்தில் அணைக்கச் சொல்லியிருக்கிறது என்றுதான் கம்பெனி பதில் போடப்போகிறது. நானே வேறு மாதிரி சொன்னேன் என்று தெரிந்தால் என் கதை முடிந்தது. நீ டைப்பிங் தெரிந்தவள், உனக்கு வேறு வேலை கிடைக்கும். அந்தப் பிப்ரவரிக் கடிதத்தைக் கிழித்துவிடு. கிழித்ததும் ஒரு வரி எழுது. அம்மாவுக்கு எதுவும் தெரிய வேண்டாம்.

அண்ணன்,
சூசைநாதன்


புந்தோங், ஈப்போ
9.6.1985

திரு. சூசைநாதன் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது.

எப்படி மாற்றினேன் என்று கேட்டிருந்தீர்கள். ஏழு வயதிலிருந்து அம்மாவோடு ரப்பர் காட்டில் மங்கு துடைத்தவள் நான். மரத்திலிருந்து பால் வடியும் மங்குக் கிண்ணத்தை எடுத்து, துடைத்து, திரும்ப வைத்து, அடுத்த மரத்துக்கு ஓட வேண்டும். இரண்டு விநாடி எடுத்தால் அம்மா திட்டுவார். நீங்கள் அப்போது தைப்பிங்கில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தீர்கள். பத்துப் பேரை வைத்துப் பார்த்தவர் எங்களில் ஒருத்தியைக் கேட்டிருக்கலாம்.

போன ஞாயிறு பீடோருக்குப் போனேன். நல்லம்மாள் என்ற பெரியவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எத்தன வருஷம் பால் மரம் வெட்டுனேன்னு நீதான தாயி எழுதி வெச்சிருக்க?" என்றார். ஆமாம் என்று பொய் சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

விசாரணை முடிந்துவிட்டது. என் கவனக்குறைவுதான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். வேலை போய்விட்டது. மானேஜர் நல்லவர்தான், கடைசிவரை என்னை விட மனமில்லாமல் இருந்தார். "யாரு சொல்லிக் குடுத்தது? பேரச் சொல்லிடு லா, வேல தங்கும். ஒங்க அண்ணன் அந்தக் கம்பெனியிலதான இருக்காராம்?" என்று கேட்டார்.

கடிதத்தைக் கிழிக்க எனக்குக் கை வரவில்லை. இதனுடன் வைத்திருக்கிறேன். நீங்களே கிழித்துக்கொள்ளுங்கள். கிழிக்குமுன் கடைசி வரியைப் படியுங்கள். யாராவது கேட்டால், அண்ணன் சொன்னார் என்று சொல் என்றிருக்கும்.

கேட்டார். எனக்கு அண்ணன் இல்லை என்றேன்.

எல்ஸி