கேட்காத இடத்தில் ஒரு கோடு

ஸ்கேன் சென்டர் உறையின் வாசனை உனக்கு மறந்திருக்காது. பாதி பசை, பாதி ஃபிலிம். மேற்குத் தாம்பரத்தில் வாங்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் வந்து உட்கார்ந்தேன். டாக்டர் ஆறு மணிக்குத்தான் வருவார், இப்போது நாலரை. உறையைப் பிரித்துப் படித்தாயிற்று. பிரிக்காமல் இருக்க நம்மால் முடியுமா? அதன் பின்பக்கத்திலேயே உனக்கு எழுதுகிறேன்.

எனக்குத்தான். கழுத்தில். தைராய்டில் ஒரு நாட்யூல் இருக்கிறதாம், பயாப்சி செய்து பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள்.

முதலில் உன் வைத்தியத்தைத்தான் செய்து பார்த்தேன். "பேரை ஒடச்சிப் பாரு, பயமும் ஒடைஞ்சிடும்" என்பாயே. தைராய்டு என்றால் கேடயம் போன்றது. நாட்யூல் என்றால் சின்ன முடிச்சு. பயாப்சி என்றால் உயிரைப் பார்ப்பது. எல்லாவற்றையும் உடைத்துவிட்டேனடி. பயம் மட்டும் முழுசாக உட்கார்ந்திருக்கிறது.

அந்த ஆபீஸ் ஞாபகமிருக்கிறதா? எங்கோ அமெரிக்காவில் டாக்டர்கள் பேசிப் பதிவு செய்ததை இங்கே நாம் ஹெட்போனில் கேட்போம். காலால் பெடலை மிதித்து, நிறுத்தி நிறுத்தி டைப் அடிப்போம். சேர்ந்த வாரமே ஒரு மருந்தின் அளவு சரியாகக் கேட்காமல் நானாக ஒன்றை அடித்துவிட்டேன். பக்கத்து சீட்டிலிருந்து எட்டிப் பார்த்தாய். "இன்னாடி, நீயே டாக்டராயிட்டியா? கேக்கலன்னா அந்த எடத்துல கோடு போடு. இட்டுக்கட்டி ஒருத்தரக் கொன்னுடாத." எனக்குச் சுருக்கென்றது. ஒரே வயசு, ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவள், இவள் யார் என்னைச் சொல்ல என்று இரண்டு நாள் உன்னோடு பேசவில்லை.

மூன்றாம் நாள் டீ குடிக்கும்போது நீயே ஆரம்பித்தாய், நீரிழிவில் எங்கே இழிவு வந்தது தெரியுமா என்று. அவமானம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். "இழியறதுன்னா எறங்கறதுடி. தண்ணியா எறங்கி ஓடற நோவு. டயாபடீஸ்னு கிரேக்கக்காரன் வெச்ச பேருக்கும் கிட்டத்தட்ட அதே அர்த்தந்தான், உள்ள பூந்து வெளிய போறது. அவனும் நம்மளும் பேசி வெச்சிக்கினா பேரு வெச்சோம்?" அன்றைக்கு விட்டுப்போன பேச்சு அப்படித்தான் ஒட்டிக்கொண்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கோவளத்துக்கு மீன் வாங்கப் போனோம். கூடையில் காலைப் பரப்பிக்கொண்டு கிடந்த நண்டைத் தூக்கி என் முகத்துக்கு நேரே நீட்டினாய். "கேன்சர்னா இதாண்டி. அவங்களுக்கு நண்டு ஞாபகம் வந்துது, நமக்குப் புத்து ஞாபகம் வந்துது. இதுக்கா பயப்படறோம்?" நான் அலறினேன். மீன்காரம்மா சிரித்தார். பள்ளிக்கரணையில் உன் வீட்டில் அன்று மிளகு தூக்கலாக நண்டுக் குழம்பு. நான் மூன்று முறை ஊற்றிக்கொண்டேன்.

அதற்கு அடுத்த வருஷம்தான் உனக்கு வயிற்றுவலி வந்தது. ஸ்கேன் எடுத்த மறுநாள் வேலைக்கு வந்தாய். ரிப்போர்ட்டில் என்ன என்றேன். ஹெட்போனை மாட்டிக்கொண்டே சொன்னாய். "எல்லாம் அன்ரிமார்க்கபிள்டி." நம் தொழிலில் அதைவிட இனிப்பான சொல் ஏது? குறித்துச் சொல்ல ஒன்றுமில்லை, நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். சாமிக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு நான் பாட்டுக்கு என் பெடலை மிதித்தேன். காகிதத்தைக் காட்டு என்று கேட்கத் தோன்றவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

நாலு மாசம் கழித்து, வயிற்றில் அந்த நண்டோடு ஆஸ்பத்திரிக் கட்டிலில் எலும்பாகக் கிடந்தாய். ஏண்டி பொய் சொன்னே என்று கத்தினேன். நர்ஸ் வந்து அதட்டினாள். "ஒங்கிட்ட சொன்னா அழுதே ஊரக் கூட்டிருப்ப. ஒன் மூஞ்சியப் பாத்தா எனக்கு பயம் வந்துருக்கும்" என்றாய். வாஸ்தவம்தான், அழுதிருப்பேன். ஆனாலும் அடிப் பாவி, ஊருக்கெல்லாம் கோடு போடச் சொன்னவள் எனக்கு மட்டும் இட்டுக்கட்டினாயே. நீ போய்ச் சேர்ந்து இத்தனை வருஷமாகியும் அந்தக் கோபம் எனக்கு ஆறவில்லை.

இதுவரை எழுதியிருந்தபோது கோவிலம்பாக்கத்திலிருந்து மகள் போன் செய்தாள். "அம்மா, ரிப்போர்ட் வாங்கிட்டியா? என்ன போட்டிருக்கு?"

உன் 'அன்ரிமார்க்கபிள்' என் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், சொல்லியிருப்பேன். உனக்கு அது எவ்வளவு சுலபமாக வந்திருக்கும் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது. "நீ வா, சேர்ந்து படிக்கலாம்" என்றேன்.

மிச்சத்தை கிளினிக் நாற்காலியில் உட்கார்ந்து எழுதுகிறேன். மகள் வந்தாள், வேர்த்துக் கொட்டியபடி. ஒரு வரி விடாமல் படித்துக் காட்டினேன். கேடயம் சொன்னேன், முடிச்சு சொன்னேன், உயிரைப் பார்ப்பது சொன்னேன். எல்லாம் கேட்டுவிட்டு மெதுவாக, "அப்ப, கேன்சராம்மா?" என்றாள்.

சேச்சே, இல்லடி என்று ஒரு பதில் வாய் வரைக்கும் வந்தது. ஆமாம் என்று இன்னொன்று வயிற்றிலிருந்து எழுந்தது. இரண்டையுமே எந்த டாக்டரும் சொல்லி நான் கேட்கவில்லை.

"தெரியலடி. அந்த எடத்துல கோடுதான். எனக்கு ரொம்ப பயமா இருக்கு" என்றேன்.

கோடு என்னவென்று அவளுக்குப் புரிந்திருக்காது. ஓவென்று அழுதாள். பக்கத்து நாற்காலிக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அழுதுகொண்டே என் கையைப் பிடித்தவள் இன்னும் விடவில்லை. உறையை மடியில் வைத்து ஒற்றைக் கையால் எழுதுவதால் எழுத்து கோணல்மாணலாக இருக்கிறது, பொறுத்துக்கொள்.

எனக்கும் நீ ஒரு கோடு போட்டிருக்கலாமேடி. நான் அழுதிருப்பேன். அழுதுகொண்டு இப்படித்தான் உன் கையைப் பிடித்திருப்பேன்.