ஃபேனுக்குக் கீழே

என் செல்ல மகளுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நானும் உன் அம்மாவும் நலம். என் மானம் மட்டும் கொஞ்சம் அடிபட்டுக் கிடக்கிறது. போனில் சொன்னால் பாதியில் வைத்துவிடுவாய் என்றுதான் கடிதம். சிரித்துக்கொண்டே படி.

போன வாரம் தோல் டாக்டரிடம் போனேன். நீ அம்மாவுக்கு அனுப்பிய பின்னந்தலைப் படம் கையில் இருந்தது. கூடம் நிறைய ஆட்கள். நர்ஸம்மா வந்து, "முடி கொட்டுதுன்னு வந்தது யாரு?" என்று கேட்டார். நான் படக்கென்று எழுந்து நின்றேன். என் மண்டை உனக்குத் தெரியுமே, அதில் பார்த்துத் தலை வாரிக்கொள்ளலாம். அவர் மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஐயா, உங்களுக்குக் கொட்டி முடிஞ்சே பல வருசம் இருக்கும் போலிருக்கே" என்றார். கூடமே சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன், வேறென்ன செய்ய?

டாக்டரம்மா நல்ல மாதிரி. நாம் புழுவெட்டு என்கிறோமே, அதில் புழுவே கிடையாதாம். உடம்பைக் காக்க வேண்டிய சக்தி, ஆள் தெரியாமல் முடி வேரை எதிரி என்று நினைத்து அடிக்கிறதாம். நாம் வளர்த்த நாயே நம்மைக் கடிக்கிற கதை என்று நான் புரிந்துகொண்டேன். நீ எதையோ தப்பாகச் செய்து வந்ததில்லை, யாருக்கும் ஒட்டாது என்று அடித்துச் சொன்னார். ஆனால் படத்துக்கு வைத்தியம் பார்க்க முடியாது, ஆள் வரவேண்டும் என்கிறார். முடி போன இடத்தில் சின்னச் சின்னதாக ஊசி போடுவார்களாம். பலருக்கு வளர்ந்துவிடுமாம், திரும்பக் கொட்டினாலும் கொட்டுமாம். சத்தியமெல்லாம் பண்ண மாட்டேன் என்றார். அதனாலேயே எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

அம்மா உன் தலைக்குத் தேய்க்கச் சொல்கிற வெங்காயச் சாறு பற்றியும் கேட்டேன். சிரித்தார். வீட்டில் வந்து சொன்னால் அம்மா, "ஆமா, உங்க தலையைப் பாத்தா சிரிக்காம என்ன பண்ணுவாங்க" என்று முறுக்கிக்கொண்டாள். ஆனால் மறுநாளே, உனக்காக வாங்கி வைத்த வெங்காயமெல்லாம் சமையலுக்குப் போய்விட்டது.

இதே தொல்லை உள்ளவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் நூலகத்து மாடியில் கூடிப் பேசுகிறார்கள் என்று டாக்டரம்மா சொன்னதால், அங்கேயும் போனோம். விக், தொப்பி, ஸ்கார்ஃப் என்று பத்துப் பேர் இருப்பார்கள். ஃபேன் ஓடவில்லை. ஃபேன் ரிப்பேர்காரனை அங்கே உட்காரச் சொன்னால் உட்காருவானா? சுவிட்சை அணைத்துவிட்டு ஸ்டூலில் ஏறினேன். "போன எடத்துலயாவது மனுசனா உக்காருங்களேன்" என்று அம்மா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். மேலே ஒரு வயர் விட்டுப்போயிருந்தது, அவ்வளவுதான்.

காற்று வந்ததும் ஒரு பெண், பஸ் கண்டக்டராம், உன்னைவிட நாலைந்து வயசு மூத்தவள், ஸ்கார்ஃபை அவிழ்த்து மடியில் போட்டுக்கொண்டு, "அப்பாடா, மண்டை வெந்தே போயிருக்கும்" என்றாள். அங்கங்கே திட்டுத் திட்டாக, உன் படத்தில் இருக்கிற மாதிரியேதான். ஊசி போட்டு வளர்ந்து, மறுபடி கொட்டி, மறுபடி போட்டுக்கொண்டிருக்கிறாள். அவளும் வேலையை விட நினைத்தாளாம். பஸ்ஸில் எல்லாரும் உற்றுப் பார்க்க மாட்டார்களா என்று உன் அம்மா கேட்டேவிட்டாள். "ரெண்டு நாள் பாப்பாங்கம்மா. மூணாம் நாள் மீதிச் சில்லறை எங்கேன்னு சண்டைக்கு வருவாங்க" என்றாள் அந்தப் பெண். அம்மா அவள் கையைப் பிடித்தவள், கிளம்புகிற வரைக்கும் விடவில்லை.

நீயும் பள்ளிக்கூட வேலைக்கு ராஜினாமா எழுதிக் கொடுத்துவிடப் போவதாக அம்மாவிடம் சொன்னாயாம். அதற்கு முன்னால் ஒரு நடை வீட்டுக்கு வந்துவிட்டுப் போ. டாக்டரிடம் அடுத்த புதன்கிழமைக்கு உன் பெயரைக் கொடுத்திருக்கிறேன். ஸ்டேஷனுக்கு நான் வருகிறேன். தொப்பியோடு வா, துப்பட்டாவோடு வா, ஒன்றும் இல்லாமல் அப்படியே வா. கூட நான் நடந்தால், ஊரார் யார் தலையைப் பார்ப்பார்கள் என்று உனக்கே தெரியும். வேலையை விடுவதா வேண்டாமா என்று அப்புறம் பேசிக்கொள்வோம்.

வேளாவேளைக்குச் சாப்பிடு. நீ நன்றாக இருப்பாய்.

இப்படிக்கு,
உன் வழுக்கை அப்பா

பி.கு.: மூன்று மாதமாக நீ வீடியோ காலில் கேமராவை மேலே ஃபேன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டுதான் பேசுகிறாய். போன தடவை, "அப்பா, நான் பாக்க சகிக்காம இருக்கேனா?" என்று கேட்டாய். நான், "உன் ஃபேன் மெதுவாச் சுத்துதும்மா, கெப்பாசிட்டர் போயிருக்கும்" என்றேன். நீ போனை வைத்துவிட்டாய். கெப்பாசிட்டர் வாங்கி வைத்திருக்கிறேன், நீ திரும்பிப் போகும்போது கூடவே வந்து மாட்டித் தருகிறேன். அன்றைக்குச் சொல்ல வாய் வராதது ஒன்று இருக்கிறது. உன் கை கொஞ்சம் அசங்கி, போன் கீழே திரும்பி, ஒரு நொடி உன் முகம் தெரிந்துவிடாதா என்றுதான் அந்த ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தேன், கண்ணு.